ஆறு மணிக்குக் கூப்பிடும் குருவி!

திருவண்ணாமலை என்றதும் 14 கிலோமீட்டர் கிரிவலம்தான் நினைவுக்கு வரும். பௌர்ணமிக் கூட்டம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் அதே பாதையில் நடந்து பாருங்கள். மயில் அகவும், காட்டோரம் புள்ளிமான்கள் தலைதூக்கிப் பார்க்கும்.

குளிர்காலமென்றால் ஆறுமணிக்குருவியையும் தேடலாம். இமயமலை அடிவாரப் பக்கமிருந்து வலசை வரும் பறவை இது. காலையும் மாலையும் ஆறு மணியையொட்டிக் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். தரையில் சருகைக் கிளறித்தான் பூச்சி பிடிக்கும். கோடையில் மலைப்புல் தீப்பற்றினால் அந்தச் சருகும் சாம்பல்தான்.

மொட்டையாகக் கிடந்த சரிவுகளில் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாகக் கன்று நட்டு, தீத்தடுப்புக் கோடுகள் அமைத்து மீட்ட பசுமை இது. எனவே, தீப்பெட்டி வேண்டாம். குரங்குக்கு பிஸ்கட்டும் வேண்டாம். காதைத் தீட்டிக்கொண்டு போனாலே போதும்!