நாம் கேட்பது ஒலியையா, விலையையா?

வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கச் சிம் லிம் ஸ்குவேருக்கோ, கோல்மன் ஸ்ட்ரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்துக்கோ போயிருக்கிறீர்களா? கடைக்காரர் இரண்டு, மூன்று சாதனங்களை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, “எது பிடிச்சிருக்கு?” என்பார். நாமும் சில நிமிடங்களில் ஒன்றைக் காட்டிவிடுவோம். பல நேரங்களில் நாம் காட்டுவது சற்றுச் சத்தமாக ஒலித்த சாதனமாகவோ விலை கூடிய சாதனமாகவோதான் இருக்கும்.

நான் பொறியியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவன். இந்த விஷயத்தை வகுப்பில் கற்றேன். அதை வீட்டில் சோதித்துப் பார்க்கும் தேவை சென்ற விடுமுறையில் வந்தது. காரணம், என் பாட்டி. தொலைக்காட்சி நாடகத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. சத்தத்தைக் கூட்டினாலும் தெளிவில்லை. “நீங்க பாருங்கப்பா” என்று சொல்லிவிட்டு அறைக்குப் போகத் தொடங்கினார். குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் அந்த ஒரு மணி நேரம் குறைந்துகொண்டே வந்தது. அப்பா 900 வெள்ளி ஒதுக்கினார்.

காது எப்படி ஏமாறுகிறது?

நம் காது எல்லாச் சுருதிகளையும் ஒரே அளவில் கேட்பதில்லை. ஒலி குறைவாக இருக்கும்போது, தாழ்ந்த சுருதிகள் நமக்கு இன்னும் குறைவாகக் கேட்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933ஆம் ஆண்டிலேயே இதை அளந்து காட்டினர். எனவே, ஒரே ஸ்பீக்கரைச் சற்றுக் கூட்டி வைத்தாலே அதன் ஒலி ‘நிறைவாக’ இருப்பதாகத் தோன்றும். ஒரு டெசிபெல் வித்தியாசத்தை ‘சத்தம் கூடிவிட்டது’ என்று பலரால் சொல்ல முடியாது. ‘இது தரமாக இருக்கிறது’ என்றுதான் சொல்வார்கள்.

கண்ணும் குறுக்கிடுகிறது. ஹார்மன் நிறுவன ஆய்வாளர்கள் ஃபிலாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994ல் வெளியிட்ட ஆய்வில், நான்கு ஸ்பீக்கர்களைக் கேட்டவர்கள் அவற்றைப் பார்க்காமல் ஒருமுறையும் பார்த்தபடி ஒருமுறையும் மதிப்பெண் கொடுத்தனர். பார்க்காதபோது நல்ல மதிப்பெண் பெற்ற சிறிய, மலிவான சாதனம், பார்த்த பிறகு பின்னுக்குத் தள்ளப்பட்டது.

புடவைக்குப் பின்னால் மூன்று சாதனங்கள்

எங்கள் வீவக வீட்டு வரவேற்பறையில் மூன்று சாதனங்களை வைத்தேன். ஒன்று, அப்பா 1990களில் வாங்கிய ஹைஃபை செட். இரண்டு, மாமாவிடம் இரவல் வாங்கிய சவுண்ட்பாரும் சப்வூஃபரும். கடையில் அதன் விலை ஏறக்குறைய 900 வெள்ளி. மூன்று, நண்பர் பழையதாக 260 வெள்ளிக்கு வாங்கிய சிறிய ஆம்ப்ளிஃபையரும் இரண்டு சிறு ஸ்பீக்கர்களும்.

முதலில் எல்லாரும் பார்த்தபடியே கேட்டார்கள். அப்பா, அம்மா, தங்கை மூவரும் சவுண்ட்பாருக்கே முதலிடம் தந்தார்கள். பாட்டி, “எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு” என்றார்.

அடுத்து, அம்மாவின் மெல்லிய வாயில் புடவையைத் திரையாகக் கட்டினேன். பாட்டியின் நாற்காலியில் கைப்பேசியை வைத்து, ஒலியை அளக்கும் செயலி மூலம் மூன்றையும் 70 டெசிபெல்லுக்குக் கொண்டுவந்தேன். ஒலியின் நுணுக்கம் நினைவில் சில விநாடிகளே நிற்கும் என்பதால், ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, சாதனத்தைச் சட்டென்று மாற்றினேன்.

மூன்று ஒலிப்பதிவுகளைப் பயன்படுத்தினேன். செய்தி வாசிப்பு, குரலின் தெளிவுக்கு. பழக்கமான ஒரு திரைப்பாடல், வாத்தியங்கள் தனித்தனியே கேட்கின்றனவா என்று பார்க்க. மூன்றாவது, மிருதங்கத் தனி ஆவர்த்தனம். மிருதங்கத்தின் தொப்பியில் கும்மென்ற தாழ்ந்த ஒலியும், வலந்தலையில் கணீரென்ற கூர்மையான ஒலியும் எழும். ஒரே வாத்தியத்தில் இரண்டையும் சோதித்துவிடலாம்.

வரிசை மாறியது

பாடலிலும் மிருதங்கத்திலும் நான்கு பேரில் மூவர் 260 வெள்ளிச் சாதனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்பாவும் அவர்களில் ஒருவர். புடவையை விலக்கியதும், “இதுவா?” என்று எழுந்து போய் அருகில் பார்த்தார். ஹைஃபை செட்டில் தொப்பி ஒலி தெளிவில்லாமல் குழம்பியது.

செய்தி வாசிப்பில் பாட்டியின் பதில் உறுதியாக இருந்தது. சவுண்ட்பார் ஒலித்தபோது, “வார்த்தை அமுங்குது” என்றார். தாழ்ந்த ஒலி மிகுந்தால் அது உயர்ந்த ஒலிகளை மறைத்துவிடும். ‘ச’, ‘த’ போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுபவை அந்த உயர்ந்த ஒலிகள்தாம். வயதாகும்போது காது முதலில் இழப்பதும் அவற்றைத்தான். சுவர் மூலையில் இருந்த சப்வூஃபரை வெளியே நகர்த்தி, அதன் அளவைக் குறைத்தேன். சவுண்ட்பாரும் உடனே தெளிவானது. மூலை, தாழ்ந்த ஒலியைப் பெருக்கிக் காட்டும். அந்த மாற்றத்துக்கு ஒரு காசுகூடச் செலவில்லை.

நான்கு பேரிடம் செய்த சோதனை ஆய்வாகிவிடாது. எங்கள் வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான். நண்பருடையதைப் போன்ற பழைய ஜோடி ஒன்றை 280 வெள்ளிக்கு வாங்கி, காது உயரத்தில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தோம். பாட்டியைப் பலதுறை மருந்தகத்துக்கும் அழைத்துச் சென்றோம். காது கேட்கும் திறன் குறைந்திருந்தால், அதை எந்த ஸ்பீக்கராலும் முழுமையாக ஈடுசெய்ய முடியாது. மிஞ்சிய பணத்தை, தேவைப்பட்டால் செவித்துணைக் கருவிக்கென அப்பா எடுத்து வைத்திருக்கிறார்.

கடைக்குப் போகுமுன்

நன்கு பழகிய இரண்டு, மூன்று ஒலிப்பதிவுகளைக் கைப்பேசியில் கொண்டுபோங்கள். கடைக்காரர் தேர்ந்தெடுக்கும் பாடலில் எல்லாச் சாதனமும் இனிக்கும். ஒலி அளவைச் சமமாக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நண்பரை மாற்றச் சொல்லுங்கள். கடையின் அறை வேறு, உங்கள் அறை வேறு என்பதால், திருப்பிக் கொடுக்க முடியுமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

அதற்கும் முன்பு, வீட்டில் இருக்கும் ஸ்பீக்கரை மூலையிலிருந்து கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லாமலும் போகலாம்.