ஒருவர் பாடம், பலர் உழைப்பு!

அவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். வகுப்பில் பேசத் தொடங்கினால், கடைசி வரிசை மாணவனும் காது கொடுத்துக் கேட்பான்.

அவரை 'கேமரா' முன் நிறுத்திப் பாருங்கள். நா வறண்டுவிடும்! முகத்தில் வியர்வை அரும்பிவிடும்!

என்ன காரணம்?

வகுப்பில் மாணவர் முகம் தெரிகிறது. புரியாமல் ஒருவன் விழித்தால், அதே பாடத்தை வேறு விதமாகச் சொல்கிறார். 'கேமரா'வுக்கு முகம் ஏது?

இணையதளம் வழியாகப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் உள்ள தொல்லை இது. அவர்களுக்குத் துணை வேண்டும்.

சென்னையில் ஓர் உதாரணம்

2003-ம் ஆண்டில், சென்னை ஐ.ஐ.டி. உள்பட 7 ஐ.ஐ.டி.களும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, 'என்.பி.டி.இ.எல்.' என்ற திட்டத்தைத் தொடங்கின. பேராசிரியர்களின் பாடங்களைப் படம் பிடித்து, நாடெங்கும் உள்ள மாணவர்கள் பார்க்கச் செய்தார்கள். 2014-ம் ஆண்டு முதல் தேர்வும் சான்றிதழும் வந்தன.

பாடம் படிக்கக் கட்டணம் கிடையாது. சான்றிதழ் வேண்டுவோர், தேர்வுக்குப் பணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும்.

திரைக்குப் பின்னால்

திரையில் தெரிபவர் ஒரே ஓர் ஆசிரியர். ஆனால், படம் பிடிக்க ஒருவர். ஒலியைக் கவனிக்க ஒருவர். தவறிய இடத்தை வெட்டி ஒட்ட இன்னொருவர்!

வாரந்தோறும் வீட்டுப்பாடம் உண்டு. கேள்விகளும் வந்து குவியும். ஒரே ஆசிரியர் அத்தனைக்கும் பதில் எழுத முடியுமா? அதற்கு உதவியாசிரியர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலப் பாடத்தைத் தமிழிலும் பிற மொழிகளிலும் பெயர்த்துத் தருவோரும் உண்டு.

துணை இல்லாவிட்டால்?

2020-ம் ஆண்டில் கொரோனா நோய் பரவியது. கல்லூரிகள் மூடப்பட்டன. நேற்று வரை கரும்பலகையில் எழுதிய ஆசிரியர்கள், மறுநாள் வீட்டிலிருந்தே பாடம் நடத்த வேண்டியதாயிற்று. புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் செல்போனைச் சாய்த்து வைத்துப் பாடம் சொன்னவர்கள் பலர். பயிற்சி இல்லை. உதவிக்கு ஆள் இல்லை. பாடம் கேட்கிறதா, இல்லையா என்பதுகூடச் சிலருக்குத் தெரியவில்லை! இதனால் நஷ்டம் யாருக்கு? மாணவர்களுக்குத்தான்.

ஆகவே, கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் கல்லூரியின் கடமை முடிந்துவிடாது. ஆசிரியருக்கு முதலில் பயிற்சி வேண்டும். கூப்பிட்ட குரலுக்கு வர ஓர் ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம் வேண்டும். அரை மணிப் பாடத்தைத் தயார் செய்யப் பல மணி நேரம் ஆகும். மற்ற வேலைகளைக் கொஞ்சம் குறைத்தால்தானே அந்த நேரம் கிடைக்கும்?

தேரில் தெரிவது சாமி மட்டும்தான். ஆனால், வடம் பிடிக்க ஊரே கூட வேண்டும் அல்லவா?