ஒரத்துப்பாளையம் அணை: துணியில் தங்காத உப்பு

ஈரோடு, கரூர் பகுதிகளின் பாசனத்துக்காக நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டி, 1992-இல் திறந்த அணை இது. சில ஆண்டுகளிலேயே, “தண்ணீர் திறந்துவிடாதீர்கள்” என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. ஓர் அணைக்கு இதைவிடப் பெரிய துயரம் இல்லை.

காரணம் ஆற்றின் மேற்பகுதியில், திருப்பூரில் இருந்தது. பருத்தித் துணியில் சாயம் ஏற நிறைய உப்புப் போடுகிறார்கள். சாயத்தின் பெரும்பகுதி நூலைப் பிடித்துக்கொள்கிறது, உப்புப் பிடிப்பதில்லை. துணியை அலசும்போது அவ்வளவும் தண்ணீரோடு வெளியேறிவிடும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் போகும், உப்புப் போகாது. ஆற்று வழியே அணைக்கு வந்த, பார்க்கத் தெளிவாக இருந்த நீரும் பயிரைக் கருக்கியது, கிணறுகளை உவராக்கியது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நிலம் கெட்ட உழவரோடு, வேலை போன பட்டறைத் தொழிலாளியும் இந்த மாசுக்கு விலை கொடுத்தார்.

பிறகு, கழிவுநீரைச் சவ்வுகளில் வடிகட்டி, எஞ்சியதைக் காய்ச்சி, நீரையும் உப்பையும் சாயத்தொட்டிக்கே திருப்பும் முறை நிலைபெற்றது. அதிலும் எதற்கும் உதவாத கலப்பு உப்பு கொஞ்சம் மிஞ்சுகிறது. அது மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் சேர்ந்தது.