வரைந்த கை வாடலாமா?

தேநீர்க் கடை பெஞ்சின்மீது வார ஏடு ஒன்று கிடக்கிறது. ஷிப்டு முடிந்து வரும் தோழன், ஒரு கையிலே கண்ணாடிக் குவளையை ஏந்தியபடி, மறு கையாலே ஏட்டைப் புரட்டுகிறான். எழுத்திலே அவன் கண் பதியுமுன்பு எதிலே பதிகிறது? படத்திலே! சாளரத்தருகே நிற்கிறாள் ஒரு மங்கை. அவள் விழியிலே தேங்கி நிற்கிறது ஏக்கம். தொலைவிலே தேய்ந்து மறைகிறது ஒரு மாட்டு வண்டி. கதையின் முதல் வரியைப் படிக்குமுன்பே, பாதிக் கதை அவன் நெஞ்சிலே ஏறிவிட்டது. பக்கத்தைத் திருப்புகிறான் — துணிக்கடை விளம்பரம். பட்டுடுத்திய பாவை, பக்கத்திலே பூரித்து நிற்கும் கணவன், காலடியிலே கைகொட்டிச் சிரிக்கும் குழந்தை. அங்கும் படம்தான் பேசுகிறது. "என்ன அழகு!" என்கிறான். ஏட்டை மடித்து வைத்துவிட்டு எழுந்து போகிறான்.

வரைந்தவர் யார் என்று அவன் கேட்கவில்லை. அவன்மீது குறை சொல்ல மாட்டோம். நெய்தவன் பெயரைப் புடவையின் முந்தானையிலே யார் பொறித்தார்கள்? கட்டிய கொத்தனாரின் பெயரை மாளிகையின் முகப்பிலே யார் செதுக்கினார்கள்? பொருள் தெரியும், விலை தெரியும், விற்பவர் பெயர் விளக்குப் போட்டுத் தெரியும். செய்தவன் மட்டும் தெரிய மாட்டான். இது இந்த உலகத்தின் பழைய வழக்கம். அந்த வழக்கத்துக்கு இரையான ஒரு தொழிலாளியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

தொழிலாளி என்றோம். ஆம், தெரிந்தேதான் சொன்னோம்! மாதச் சம்பளம் கிடையாது; வருகைப் பதிவேடு கிடையாது; போனஸ் கிடையாது; ஓய்வூதியம் கிடையாது. படத்துக்கு இவ்வளவு என்று பேசி, ஏட்டுக்கும் விளம்பரதாரருக்கும் வரைந்து கொடுத்துப் பிழைக்கும் ஓவியர் அவர். 'ஃப்ரீலான்ஸ்' என்று ஒரு பட்டம். சுதந்திரமாகத் தொழில் செய்பவராம்! என்ன சுதந்திரம்? வேலை வந்தால் இரவெல்லாம் கண்விழிக்கும் சுதந்திரம். வேலை வராவிட்டால் பட்டினி கிடக்கும் சுதந்திரம். பாராட்டும்போது மட்டும் 'கலைஞர்' என்பார்கள், பணம் கேட்டாலோ, "கலைஞருக்குக் காசாசை ஆகுமா?" என்பார்கள். அரிசிக் கடைக்காரர் கலைக்காக அரிசி அளப்பாரா? வீட்டுக்காரர் புகழை வாங்கிக்கொண்டு வாடகையைத் தள்ளுவாரா?

நமக்குத் தெரிந்த ஓவியர் ஒருவர் உண்டு. ஊரும் பேரும் வேண்டாம். நாளைக்கும் அவருக்கு வேலை வரவேண்டும் அல்லவா? கதைக்குப் படம் போடுவார். கடைக்கு விளம்பரம் வரைவார். தூரிகை போய் இப்போது மின்திரையிலே பேனா பிடிக்கிறார். கருவி மாறிற்று, கவலை மாறவில்லை.

ஒரு தீபாவளிக்கு முன்பு துணிக்கடை ஒன்று அவரை அழைத்தது. "நாளிதழிலே ஒரு நாள் விளம்பரம், ஒரே ஒரு படம்" என்றார்கள். ஒரு தொகையும் பேசினார்கள். முதலில் கோட்டு வரைவு கொடுத்தார். "பெண்ணின் முகம் இன்னும் சிரிக்கட்டும்" என்றார் மேலாளர். சிரிக்க வைத்தார். "புடவை நிறம் சிவப்பாகட்டும்" என்றார் முதலாளி. சிவப்பாக்கினார். "பழைய நிறமே நன்றாக இருந்தது" என்றார் முதலாளியின் மகன். பழைய நிறமே வந்தது. ஏழு முறை திருத்தம். ஏழுக்கும் கூலி ஒன்றே. பணம் எப்போது வந்தது? தீபாவளி போய்ப் பொங்கல் வந்தது. பொங்கலும் போய்ப் பங்குனி வெயில் வந்தது. அதன் பிறகு பாதித் தொகை வந்தது.

அதுகூடப் போகட்டும். ஒரு நாள் அவர் பேருந்திலே போகிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மையார் மடியிலே ஒரு துணிப்பை. பையிலே அவர் வரைந்த பெண் சிரிக்கிறாள்! இறங்கி நடக்கிறார், சுவரிலே நாட்காட்டி, அதிலும் அவளே. கடை வாசலிலே ஆளுயரப் பலகை, அதிலும் அவளே. ஒரு நாளுக்கென்று வரைந்த படம் ஓராண்டாக உழைக்கிறது. வரைந்தவருக்கோ ஒரு காசு கூடுதலாக இல்லை. கடைக்குப் போய்க் கேட்டார். "பணம் கொடுத்தோமே, படம் எங்களுடையதுதானே?" என்றார்கள். திரும்பி வந்து நம்மிடம் சொன்னார்: "என்னண்ணே செய்யிறது? எழுதி வாங்கலியே!"

எழுதி வாங்கவில்லை! இந்த ஒரு சொல்லிலே அவருடைய கதை மட்டுமா இருக்கிறது? அந்தத் தொழிலின் கதையே இருக்கிறது.

ஏட்டுப் படம் எளிய பொருளா? எண்ணிப் பாருங்கள். 1950-ஆம் ஆண்டு 'கல்கி' ஏட்டிலே 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது, வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் முகம் கொடுத்தவர் ஓவியர் மணியம். எழுத்தாளர் சொல்லால் படைத்தார். மணியம் கோட்டால் படைத்தார். இன்றும் அந்தப் பெயர்களைச் சொன்னால் பலர் மனக்கண்ணிலே வருவது அவர் தீட்டிய கொண்டையும் குதிரையும்தான். தஞ்சையிலே 1924-இல் பிறந்த கோபுலு, குடந்தை ஓவியப் பள்ளியிலே பயின்று, 'ஆனந்த விகடன்' ஏட்டிலே 'தில்லானா மோகனாம்பா'ளை ஆடவைத்தார். பின்னாளில் விளம்பரத் துறைக்குச் சென்று, சொந்த விளம்பர நிறுவனமும் நடத்தினார். புதுக்கோட்டை தந்த மாருதி, 2023-இல் மறையும் வரையில், எத்தனை ஏடுகளின் அட்டைகளை அழகு செய்தார்! இவர்கள் பெயர் நிலைத்தது, படத்தின் மூலையிலே கையெழுத்து இருந்ததால். ஏட்டுலகம் அந்த அளவுக்காவது இடம் கொடுத்தது.

விளம்பர உலகமோ கையெழுத்தைக் கண்டால் கத்தரிக்கோலைத் தேடும். 1946-இல் பிறந்த ஏர் இந்தியாவின் மீசைக்கார மகாராஜாவை அறியாதார் யார்? வரைந்த உமேஷ் ராவை அறிந்தார் யார்? 1966-இல் பிறந்த அமுல் வெண்ணெய்ச் சிறுமியை நாடே அறியும். அவளுக்கு உருவம் தந்த யூஸ்டஸ் பெர்னாண்டஸ் பெயரை நாட்டிலே எத்தனை பேர் சொல்வார்கள்? ஏசியன் பெயின்ட்ஸ் டப்பாவின்மீது வண்ண வாளியோடு நின்ற குறும்புக்காரச் சிறுவன் 'கட்டு'வை 1954-இல் வரைந்தவர் ஆர்.கே. லக்ஷ்மண் என்று சிலருக்காவது தெரிகிறதென்றால், கேலிச்சித்திரத்தால் அவர் முன்பே பெற்றிருந்த புகழ்தான் காரணம். புகழ் இல்லாதவர் கதி?

கடல் கடந்து ஒரு காட்சியைப் பாருங்கள். 1971-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம். கரோலின் டேவிட்சன் என்னும் மாணவி, மணிக்கு 2 டாலர் கூலிக்கு ஒரு காலணி வணிகருக்குப் படம் வரைந்து கொடுக்கிறார். ஒரு சின்னம் வேண்டும் என்கிறார் வணிகர். வளைந்து பாயும் ஒரு கோடு, அவ்வளவுதான். கூலி 35 டாலர். அந்தக் கோடுதான் இன்று உலகமெங்கும் ஓடுகின்ற நைக்கி நிறுவனத்தின் சின்னம்! 1983-இல் அந்த நிறுவனம் அவரை அழைத்துத் தங்க மோதிரமும் பங்குகளும் வழங்கியது. மெச்சுகிறோம். ஆனால், தோழர்களே, அது உரிமையா? அல்ல, அது பரிசு! கொடுக்காமல் இருந்திருந்தால் கேட்க முடியுமா? கொடையை நம்பி வாழ்வது வேறு; உரிமையோடு வாழ்வது வேறு. இதை உழைப்பவனுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

சரி, நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். படைத்தவனே முதல் உரிமையாளன் என்கிறது 17-ஆவது பிரிவு. ஆகா, எவ்வளவு நேர்மை! அவசரப்படாதீர்கள், அடுத்து வருகின்றன விதிவிலக்குகள். ஏட்டிலே சம்பளத்துக்கு வேலை செய்பவர் ஏட்டுக்காகப் படைத்தால், ஏடுகளிலே வெளியிடும் உரிமை ஏட்டு முதலாளிக்கு; மற்ற உரிமைகள் படைத்தவருக்கே. ஆனால் வெளியாள் ஒருவரைப் பணம் கொடுத்து ஓவியமோ உருவப்படமோ தீட்டச் சொன்னால்? மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர்! பார்த்தீர்களா விந்தையை? உள்ளே இருந்து சம்பளம் வாங்குபவருக்கு உள்ள காப்பு, வெளியே நின்று கூலி வாங்குபவருக்கு இல்லை. துணிக்கடைக்காரர் துணிச்சலோடு பேசியதன் சூட்சுமம் இதுதான்.

ஆனால், 'மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற சொற்களைக் கவனியுங்கள். பூட்டும் அதுவே, சாவியும் அதுவே! "உரிமை ஓவியருக்கே, இந்த விளம்பரத்தில், இத்தனை மாதம் பயன்படுத்திக் கொள்ளலாம்" என்று ஒரு வரி எழுதி இருதரப்பும் கையெழுத்திட்டால் நிலைமை தலைகீழ். உரிமையை மாற்றித் தருவதானாலும், அது எழுத்திலே, கையொப்பத்தோடு இருக்கவேண்டும் என்கிறது 19-ஆவது பிரிவு. எத்தனை காலம் என்று எழுதவில்லையானால் ஐந்தாண்டுதான். எந்த இடம் என்று எழுதவில்லையானால் இந்திய எல்லைக்குள்தான். இதையெல்லாம் கடைக்காரரின் வழக்கறிஞர் அறிவார். ஓவியர் அறிய வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. உரிமையை விற்ற பிறகும், "இது என் படைப்பு" என்று சொல்லவும், தன் பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் படைத்தவருக்கு உரிமை உண்டு; 57-ஆவது பிரிவு அது. வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தில்லி விஞ்ஞான் பவனத்தின் சுவரிலே அமர்நாத் சேகல் என்னும் சிற்பி வார்த்த வெண்கலச் சிற்பத்தை 1979-இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கிலே போட்டார்கள். பணம் கொடுத்து வாங்கியது யார்? அரசாங்கம்! சிற்பி சோர்ந்துவிடவில்லை, வழக்காடினார். 2005-இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சிற்பத்தின் மிச்சத்தைச் சிற்பியிடமே கொடு; 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடு! அரசாங்கத்தையே நிற்கவைத்துக் கேட்ட சட்டம், கடைக்காரரைக் கேட்காதா?

கூலி தாமதமாகிறதே, அதற்கு? 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் வளர்ச்சிச் சட்டம் இருக்கிறது. நுண்தொழிலாகப் பதிவு செய்துகொண்டவர் வேலையை முடித்துக் கொடுத்தால், எப்படிப் பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி! வீட்டு மாடியிலே தனியாக உட்கார்ந்து வரைபவரும் இப்படிப் பதிந்துகொள்ளலாம்.

இப்போது புதிதாக ஒரு புயல். சொன்னதும் படம் கக்கும் எந்திரம் வந்திருக்கிறது. எந்திரத்தைக் கண்டு நாம் அஞ்சவில்லை. தறியும் எந்திரந்தான், அச்சும் எந்திரந்தான். நாம் கேட்பது வேறு. கோடிக்கணக்கான படங்களை விழுங்கித்தானே அது வரையக் கற்றது? அந்தப் படங்களை வரைந்தவர்களை யார் கேட்டார்கள்? 2023 சனவரியிலே அமெரிக்காவில் மூன்று ஓவியர்கள் இதே கேள்வியோடு நீதிமன்றப் படியேறினார்கள். அன்று ஒரு படத்தை ஒரு பையிலே போட்டார்கள். இன்று ஒருவரது வாழ்நாள் உழைப்பையே எந்திரத்தின் வாயிலே போடுகிறார்கள். அன்று எழுதி வாங்காதவர் ஒரு கூலியை இழந்தார். இன்று எழுதி வாங்காதவர் தன் கைத்திறனையே இழக்கக்கூடும். "எந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்க இந்தப் படத்தைப் பயன்படுத்தக் கூடாது" என்பதும் இனி ஒப்பந்தத்திலே ஒரு வரியாகட்டும்.

கடைசியாக ஒன்று, இது கசக்கும். முதலாளியை மட்டும் கூண்டிலே ஏற்றிவிட்டு நாம் கைகழுவிவிட முடியுமா? சங்க ஆண்டு விழா நடத்துகிறோம். சுவரொட்டிக்குப் படம் வேண்டும். ஊர் ஓவியர் இளைஞரை அழைக்கிறோம். பந்தலுக்கு முன்பணம், ஒலிபெருக்கிக்கு முன்பணம், மாலைக்குக் கைமேல் காசு. படம் வரைந்தவருக்கு மட்டும், "விழா முடியட்டும் தம்பி, பார்த்துக்கொள்ளலாம்!" விழா முடிகிறது, தம்பி வாசலிலே நிற்கிறான், பொருளாளரைக் காணோம். நியாயக் கூலி கேட்டு முழக்கமிடும் நாமே, முழக்கத்துக்குப் படம் போட்டவன் கூலியை முடக்கலாமா? நாலு சுவரொட்டி ஒட்டியபின் ஐந்தாவதற்கும் அதே படத்தைக் கேளாமல் எடுக்கலாமா?

ஆகவே ஓவியத் தோழர்களே, தூரிகையைத் தொடுமுன் தாளைத் தொடுங்கள். எந்தப் படம், என்ன கூலி, எத்தனை திருத்தம், எங்கே எத்தனை நாள் பயன், என்றைக்குப் பணம் — ஒரு பக்கம் போதும். முன்பணம் வாங்குங்கள். தனியே நின்று கேட்கத் தயங்கினால் பத்துப் பேர் சேர்ந்து ஒரே விலை, ஒரே நிபந்தனை என்று நில்லுங்கள். பீடித் தொழிலாளியும் கைத்தறித் தொழிலாளியும் காட்டிய வழி அதுதான்.

மற்றத் தோழர்களே, அடுத்த விழாவுக்குப் படம் வரையச் சொல்லும்போது, கூலியை மாலைக்கடைக்குப் போகுமுன்பே கொடுங்கள். படத்தின் மூலையிலே அந்தத் தம்பியின் பெயர் இருக்கட்டும். தேநீர்க் கடையிலே ஏட்டைப் புரட்டினால், மங்கையின் விழியைப் பார்த்த கண்ணாலே மூலையிலே உள்ள கையெழுத்தையும் ஒருமுறை பாருங்கள்.

பெயர், கூலி, உரிமை — வரைந்த கை கேட்பது இம்மூன்றுதான். பிச்சையல்ல, பேசிய விலை!