மகிழங்கன்றின் ஊர்வலம்

நம் நாட்டில் உற்சவங்களுக்குக் குறைவே கிடையாது. தேருக்கு ஒரு நாள், தெப்பத்துக்கு ஒரு நாள், ஆயுதங்களுக்கு ஒரு நாள், மாட்டுக்கு ஒரு நாள் என்று நம் முன்னோர் வகுத்து வைத்திருக்கின்றனர். அந்த வரிசையில், தொட்டியில் வளர்ந்த ஒரு சிறு மகிழங்கன்றுக்கும் ஒரு நாளைச் சேர்த்து வைத்தவர் மகாகவி ரவீந்திரநாத் தாகூர்.

1928-ம் வருஷம் ஜூலை மாதம் 14-ந் தேதி வங்காளத்துச் சாந்திநிகேதனத்தில் அந்த விழா நடந்தது. கன்று, கவியின் மருமகள் பிரதிமா தேவியின் தொட்டியிலிருந்து வந்தது. நன்றாக உடுத்து அலங்கரித்துக்கொண்ட பெண்கள் சங்கு முழங்கப் பாடிக்கொண்டே அதை ஊர்வலமாக எடுத்து வந்தனர். விதுசேகர சாஸ்திரியார் வடமொழிச் சுலோகங்களை ஓதினார். கவி தாம் இயற்றிய ஆறு பாடல்களை ஒவ்வொன்றாகப் படித்தார். மண், நீர், தீ, காற்று, வான் என்னும் ஐம்பூதங்களுக்கும் ஒவ்வொன்று. கன்றை வாழ்த்தி ஒன்று. மறுநாள் அருகிலுள்ள ஸ்ரீநிகேதனத்தில் ஏர் பூட்டும் விழா. அங்கே கவி தாமே மேழி பிடித்தார்.

ஒரு கன்றை நடுவதற்கு இத்தனை ஆரவாரமா என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. குழி வெட்டவும் தண்ணீர் ஊற்றவும் கவிதை வேண்டியதில்லை. ஆனால், நட்ட மரம் நாளைக்கு நிற்க வேண்டுமானால், அது நிற்க வேண்டுமென்று விரும்பும் நெஞ்சங்களும் வேண்டுமல்லவா? அந்த நெஞ்சங்களை உண்டாக்கும் வேலையைத்தான் கவி கதைக்கும் பாட்டுக்கும் சித்திரத்துக்கும் ஒப்படைத்தார்.

சாந்திநிகேதனம் இருக்கும் வீர்பூம் ஜில்லா வளமான பூமியன்று. செம்மண் பொட்டல், மழைநீர் அரித்து அரித்து உண்டாக்கிய பள்ளங்கள். கவியின் தந்தையார் மஹரிஷி தேவேந்திரநாதர் 1863-ல் அங்கே இருபது பிகா நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றார். அவரைக் கவர்ந்தவை அங்கே நின்ற இரண்டு ஏழிலைப்பாலை மரங்கள். அவற்றின் நிழலில் அவர் தியானம் செய்தார். 1901-ல் ரவீந்திரர் ஐந்தே மாணவர்களுடன் பள்ளிக்கூடம் தொடங்கியபோது, மரத்தடிகளே வகுப்பறைகளாயின. அந்தப் பள்ளியே 1921-ல் விசுவபாரதியாக வளர்ந்தது. அங்கே பட்டம் பெறுகிறவர்களுக்கு ஏழிலைப்பாலையின் இலைக்கொத்தை வழங்கும் வழக்கம் ஏற்பட்டது. அவர்களுடைய கல்வி எந்த நிழலில் பிறந்ததென்பதை அவர்கள் மறவாதிருக்க இதைவிட நல்ல அடையாளம் எது?

பலாயின் மரம்

இந்த விழாவையொட்டித் தாகூர் ஒரு சிறு கதையும் எழுதிப் படித்தார். அதன் பெயர் 'பலாய்'.

பலாய் தாயில்லாப் பிள்ளை. சிற்றப்பன் வீட்டில் வளர்கிறான். புல் பூண்டுகளெல்லாம் அவனுக்கு உறவு. தோட்டக்காரன் களை பிடுங்கினால் அவன் மனம் துடிக்கும். தோட்டத்து நடைபாதையின் நடுவில் தானாக முளைத்த ஒரு முள்ளிலவங்கன்றை அவன் கண்டெடுத்து வளர்க்கிறான். சிற்றப்பனுக்கோ அது வழியை அடைத்து நிற்கும் வேண்டாத மரம். வெட்டிவிட வேண்டாமென்று பையன் சிற்றன்னையிடம் சென்று மன்றாடுகிறான், மரம் பிழைக்கிறது. பிறகு தகப்பனார் வந்து அவனைச் சிம்லாவுக்கு அழைத்துப் போகிறார். சீமைக்குப் படிக்கச் செல்லுமுன் பையன் சிற்றன்னைக்குக் கடிதம் எழுதுகிறான்: தன் மரத்தின் புகைப்படம் ஒன்று வேண்டுமாம். அப்போதுதான் அந்த அம்மாளுக்குத் தெரிகிறது, கணவர் மரத்தை வெட்டிவிட்டார் என்று. இரண்டு நாள் அவள் அன்னம் தொடவில்லை. அவளுக்கு அந்த மரமே பலாயாக இருந்தது.

மரம் நடும் திருநாளில் மரம் வெட்டிய கதையைப் படிப்பானேன்? இங்கேதான் கவியின் உள்ளம் தெரிகிறது. கதையில் வரும் சிற்றப்பன் கொடியவரல்லர். நம்மைப் போன்ற நல்ல குடும்பஸ்தர். தோட்டம் ஒழுங்காயிருக்க வேண்டும் என்று எண்ணுகிறவர். அவருடைய கண்ணுக்கு அது ஒரு மரம், அவ்வளவுதான். அந்தச் சிறுவனின் கண் அவருக்கு இல்லை. செடிகளும் தூண்டுதலுக்கு ஏற்பத் துடிக்கின்றன என்று தாகூரின் நண்பர் ஜகதீச சந்திர போஸ் கருவிகளைக் கொண்டு காட்டினார். விஞ்ஞானி அறிவுக்குக் காட்டியதைக் கவி மனத்துக்குக் காட்டினார். இக்கதையைக் கேட்ட பிறகு கோடரியை எடுக்கிற கை ஒரு கணமாவது தயங்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

சித்திரமும் பின்தங்கவில்லை. 1919-ல் தோன்றிய கலாபவனத்தின் தலைவராக விளங்கிய நந்தலால் போஸ், 1930-ல் ஏர் பூட்டும் விழாவை ஸ்ரீநிகேதனத்துச் சுவரில் ஓவியமாகத் தீட்டினார். அதே ஆண்டில் தாகூரின் 'சஹஜ பாட்' என்னும் பாலபாடம் அவருடைய சித்திரங்களுடன் வெளிவந்தது. வங்கக் குழந்தைகள் அகரம் கற்கும்போதே தங்கள் கிராமத்தையும் பார்க்கக் கற்றனர்.

கணக்கும் கண்ணும்

கவி 1941 ஆகஸ்டு 7-ந் தேதி மறைந்தார். வங்காளப் பஞ்சாங்கப்படி அது சிராவண மாதம் 22-ந் தேதி. அந்த நினைவு நாளிலேயே இப்போது சாந்திநிகேதனத்தில் மரம் நடு விழா நடைபெறுகிறது. பெரியவர் ஒருவர் மறைந்த நாளில் புதிய கன்று ஒன்று பூமியில் ஊன்றப்படுவதைக் காட்டிலும் சிறந்த அஞ்சலியை நாம் அறியோம். 2023-ல் சாந்திநிகேதனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவால் சேர்க்கப்பட்டது.

கவியின் விழாவுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1950-ல், உணவு மந்திரி கே. எம். முன்ஷி தேசமெங்கும் வனமகோத்ஸவத்தைத் தொடங்கி வைத்தார். உயர்ந்த முயற்சி. ஆயினும், நட்ட கன்றுகளின் தொகையைச் சொல்வது எளிது. மறுவருஷம் அவற்றில் எத்தனை நிற்கின்றன என்பதல்லவா கேள்வி? ஆட்டிடமிருந்து வேலி காப்பாற்றலாம். அலட்சியத்திலிருந்து காப்பாற்ற, 'இது என் மரம்' என்று சொல்ல ஒரு பலாய் வேண்டும்.

அத்தகைய குழந்தைகளைச் சர்க்கார் உத்தரவினால் உண்டாக்க முடியாது. பாட்டி சொல்லும் கதையும், பள்ளியில் பாடும் பாட்டும், குழந்தை தன் கையால் வரையும் இலையின் படமுமே அந்த வேலையைச் செய்ய வல்லவை. நம் இல்லங்களில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. அடுத்த மழைக்காலத்தில் வீட்டு வாசலில் ஒரு கன்றை நடும்போது, நீரோடு ஒரு கதையையும் சேர்த்து ஊற்றுவோமாக!