நடிக்கும் நோயாளி, கற்கும் மருந்தாளுநர்

நெல்லை பேட்டையில் பீடி சுற்றும் ஓர் அம்மாவுக்கு விரல் மூட்டுகள் வீங்குகின்றன; மருத்துவர் முடக்குவாதம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுதித் தரும் மருந்து மெத்தோட்ரெக்சேட். இந்த நோய்க்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை இது. தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு ரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம். மாத்திரை கைக்கு வரும்போது இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் மருந்தாளுநர்.

அப்படிச் சொல்வதைப் பழகித்தான் கற்க முடியும். ஆனால், கற்றுக்குட்டியின் தவறுக்கு உண்மையான நோயாளி விலை கொடுக்கக் கூடாது. இதற்கு 1963இல் வழி கண்டவர், லாஸ் ஏஞ்சலிஸில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ். நல்ல உடல்நலத்தோடு இருந்த ஒரு பெண்ணுக்குப் பயிற்சி தந்து, கால்கள் செயலிழந்த நோயாளியாக நடிக்கவைத்தார். மாணவர் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் அந்தப் பெண்ணே மதிப்பிட்டார். மருத்துவக் கல்வியில் பிறந்த இந்த ‘மாதிரி நோயாளி’ முறை, பிறகு மருந்தியல் கல்விக்கும் வந்தது.

இந்திய மருந்தியல் கவுன்சிலின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள், நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமையாக்கின. 2020இல் வந்த டி.பார்ம். பாடத்திட்டத்தில், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா, முடக்குவாதம் போன்றவற்றுக்கு மாதிரி நோயாளியிடம் ஆலோசனை சொல்லிப் பழகுவது செய்முறைப் பயிற்சியாகவே இருக்கிறது.

மேலே சொன்ன அம்மாவாக நடிப்பவருக்கு என்ன சொல்லித் தர வேண்டும்? “புரிஞ்சுதாம்மா?” என்று மாணவர் கேட்டால், “சரி தம்பி” என்று தலையாட்டிவிட்டு எழுந்துவிட வேண்டும். “எப்படிச் சாப்பிடுவீங்கன்னு நீங்களே ஒருதடவை சொல்லுங்கம்மா” என்று கேட்டால் மட்டுமே, “தெனமும் ராத்திரி ஒண்ணு போட்டுக்கிடுதேன்” என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்ட மாணவருக்கு, தான் கவனிக்காமல் விட்ட ஆபத்து அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். பிறகு அந்த அம்மாவே குறையைச் சொல்வார்: “அட்டையப் பாத்தே பேசுத தம்பி, எம் மொகத்தப் பாக்கலையே.” எந்த விரிவுரையும் இவ்வளவு ஆழமாகப் பதியாது.

பெரிய செலவு பிடிக்கும் ஏற்பாடும் இல்லை இது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நாடகக் கலைஞர்கள், சுய உதவிக் குழுப் பெண்கள் என்று நம்மூர் ஆட்களே போதும். சக மாணவரையே நோயாளியாக உட்காரவைத்தால் இருவருக்கும் விடை முன்பே தெரியும், பயிற்சி சடங்காகிவிடும். தாமிரபரணிக் கரையில் மருந்தியல் கற்பிக்கும் கல்லூரிகள், ஊர் மக்களை அழைத்துப் பயிற்சி கொடுத்து, உரிய மதிப்பூதியமும் தர வேண்டும்.

வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை மருந்து வாங்கும்போது, எதை எப்போது, எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். கேட்டதை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.