காலுக்குப் போன இரத்தம் எப்படித் திரும்பி வருகிறது?

காலைப் பிரார்த்தனை நடக்கிறது. வெய்யில் ஏறிவிட்டது. அதிபர் பேச்சை முடிப்பதாக இல்லை. திடீரென்று வரிசையில் ஒரு பிள்ளை முகம் வெளிறிச் சரிந்து விழுகிறாள்.

"சாப்பிடாமல் வந்திருப்பாள்" என்பார்கள். சில வேளை அதுவும் உண்மைதான். ஆனால் புட்டும் சம்பலும் வயிறு முட்டச் சாப்பிட்டு வந்த பிள்ளையும் விழுவதுண்டே, அது ஏன்? இப்படிக் கேட்கத் தோன்றிய பிள்ளைக்கு என்னுடைய கைதட்டு!

பதில் காலில் இருக்கிறது.

இதயம் தள்ளும் இரத்தம் நாடிகள் வழியாக உடம்பெங்கும் ஓடுகிறது. காலுக்கு இறங்குவது சுலபம். பூமியின் ஈர்ப்பும் சேர்ந்து இழுக்கும். பாதத்தில் அது தலைமயிரைவிட மெல்லிய நுண்குழாய்களுக்குள் புகுந்து, ஒட்சிசனைக் கொடுத்துவிட்டு நாளங்களுக்கு வருகிறது. கையில் 'பச்சை நரம்பு' என்று வீட்டில் காட்டுவார்களே, அதுதான் நாளம்.

இனித்தான் சிக்கல். பெருவிரலில் இருந்து நெஞ்சுவரை இரத்தம் மேலே ஏற வேண்டும். இதயம் கொடுத்த தள்ளு நுண்குழாய்களைத் தாண்டும்போதே பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிறகு யார் ஏற்றுவது?

இதுவரை விளங்கினதா? இல்லையென்றால் மேலே போய் இன்னொரு தரம் வாசியுங்கள். அவசரம் இல்லை.

சரி, இப்போது அப்பப்பாவைத் தேடிப் பிடியுங்கள். அவர் கையில் நாளங்கள் நன்றாகப் புடைத்துத் தெரியும். கேட்டுவிட்டு, கையைக் கீழே தொங்கவிடச் சொல்லுங்கள். நேராக ஓடும் ஒரு நாளத்தைத் தெரிவு செய்து, விரல்கள் இருக்கும் பக்கத்தில் உங்கள் சுட்டுவிரலால் மெதுவாக அமர்த்துங்கள். மற்ற விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக நாளத்தை வழித்துக்கொண்டு போங்கள். இப்போது வழித்த விரலை மட்டும் எடுங்கள்.

பார்த்தீர்களா? வழித்த இடத்தில் ஒரு துண்டு வெறுமையாகவே கிடக்கிறது. மேலே இருக்கும் இரத்தம் கீழே இறங்கி அதை நிரப்பவில்லை. சுட்டுவிரலையும் எடுங்கள். சட்டென்று நாளம் மறுபடி புடைக்கும்!

இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஹாவி 1628ஆம் ஆண்டு வெளியிட்ட புத்தகத்தில் இந்தச் சோதனையைப் படம் போட்டே காட்டினார். அதற்கு முன்னர் ஐரோப்பாவில் படித்தவர்கள்கூட, ஈரலில் இரத்தம் ஊறுகிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்றே நம்பியிருந்தார்கள். ஹாவி கணக்குப் போட்டார். அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் இரத்தம், உடம்பில் உள்ள மொத்த இரத்தத்தையே மிஞ்சுகிறது. அவ்வளவு எங்கிருந்து ஊறும்? அதே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வரவேண்டும். எனக்கு இந்தக் கணக்கு அந்தப் படத்தைவிடப் பிடிக்கும்.

அது சரி, அப்பப்பாவின் கையில் இரத்தத்தை மறித்தது யார்? வால்வுகள். நம்மூர் வேலியில் இரட்டைப் படலை பார்த்திருப்பீர்கள். நாளத்துக்குள்ளும் அதைப்போல இரண்டு சின்னக் கதவுகள், ஒரே பக்கமாகத் திறக்கின்றன. இதயப் பக்கம் போகும் இரத்தத்துக்கு வழிவிடும். அது திரும்பி வரப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து சாத்திக்கொள்ளும்.

ஏற்றுகிற வேலை கெண்டைக்கால் தசையுடையது. நீங்கள் நடக்கும்போது அது இறுகி, உள்ளே இருக்கும் நாளங்களைப் பிழிகிறது. இரத்தம் ஒரு வால்வைத் தாண்டி மேலே போகிறது. பெரியவர் ஒருவர் அசையாமல் நின்றால் பாதத்து நாளத்தில் அமுக்கம் 90 மில்லிமீற்றர் பாதரசம் வரை ஏறும். நடந்தால் 30 அளவுக்கு இறங்கிவிடும். நடைக்கு அவ்வளவு பலன்!

பிரார்த்தனையில் விழுந்த பிள்ளை நெடுநேரம் அசையவே இல்லை. இரத்தம் காலில் தேங்கியது. மூளைக்குப் போவது குறைந்தது. அவளைத் தூக்கிக் கதிரையில் இருத்தக் கூடாது. படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடியுங்கள். நீங்கள் நிற்கும்போது சப்பாத்துக்குள் விரல்களை மடக்கி நீட்டுங்கள், குதிக்காலைச் சற்று உயர்த்தி இறக்குங்கள். அதிபருக்குத் தெரியவா போகிறது?

இதையெல்லாம் தமிழில் படிப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1847இல் அமெரிக்காவில் இருந்து வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். மானிப்பாய் வைத்தியசாலைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

மறுபடி காலுக்கு வருவோம். மனிதர் வயதாக ஆக, அல்லது வருடக்கணக்காக நின்றே வேலை செய்ய, நாளத்தின் சுவர் தளர்ந்து விரியும். படலையின் கட்டைகள் விலகிப்போனால் கதவுகள் பொருந்துமா? அப்படித்தான் வால்வும் சரியாகச் சாத்தாது. இரத்தம் கீழே வழிந்து தேங்கும். நாளம் நீலமாகச் சுருண்டு புடைக்கும். பெரியவர்கள் 'வெரிகோஸ்' என்பது இதைத்தான். ஆசிரியர், சலூன்காரர், புடைவைக்கடை அக்கா, வார்ட்டில் நின்று களைத்த தாதி, யாருக்கும் வரலாம். இரவில் காலைத் தலையணையில் உயர்த்தி வைத்தால் சுகமாக இருக்கும். இறுக்கமான காலுறையும் உதவும்.

சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருக்கும் அம்மம்மாவைத் தாதி ஏன் சும்மா படுக்க விடமாட்டார், தெரியுமா? "அம்மா, எழும்பி நாலடி நடவுங்கோ. ஏலாட்டி பாதத்தையாவது ஆட்டுங்கோ" என்று நச்சரிப்பார். கெண்டைக்கால் தசை சும்மா கிடந்தால், ஆழத்தில் இருக்கும் நாளத்தில் இரத்தம் கட்டியாக உறையலாம். அந்தக் கட்டி கழன்றால் இதயத்தின் ஊடாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். உயிருக்கே ஆபத்து.

ஆகையால் ஒருவருக்கு ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, நொந்தால், வீட்டில் எண்ணெய் போட்டு உருவவே கூடாது. கட்டி கழன்றுவிடக்கூடும். நேரே வைத்தியசாலைதான். அங்கே அளவுநாடாவை எடுத்து, முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளப்பார்கள். வீங்கிய கால் மற்றதைவிட 3 சென்ரிமீற்றருக்கு மேல் பருத்திருந்தால் சந்தேகம் கூடும். அடுத்தது ஸ்கான்.